துண்டுக்குள் கொடுத்த கை

யாரப்பா நீ? அய்யலூர் ஆட்டுச்சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிற எவனோ ஒருத்தன்தான் அந்த வித்தையை என் பொண்டாட்டி சைதூனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். துரோகி!

ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயசு சொல்கிறவன் நான். என் வாயோ காலி. பல்செட் போட்டேன். சந்தையில் கத்திப் பேரம் பேசும்போது அது எகிறிப்போய் ஒரு கிடாயின் முதுகில் உட்கார்ந்தது. அந்தக் கிடாயை அன்றைக்கு எவனும் கேட்கவில்லை.

"தாடை எலும்பு கரைஞ்சுபோச்சு மீரான் பாய். பல்செட் நிக்காது. மொதல்ல எலும்பு வச்சு வளக்கணும். அது பிடிச்சப்புறம் திருகு இறக்கி நிலையான பல்லு கட்டலாம்" என்றார் பல் டாக்டர் பாஸிலா.

"ஆடு விக்கிறவனுக்கே எலும்பு விக்கிறியாம்மா?" என்று குதித்து வெளியே வந்துவிட்டேன். கோபம் என்று ஊர் நினைத்தது. பயம் என்று சைதூனுக்கு மட்டும் தெரியும்.

ஒருநாள் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னங்க, எனக்கும் அதே வைத்தியந்தானாம். பயமா இருக்கு. கூட வந்து நீங்களே பேசி முடிங்க."

நம்பினேன். கொஞ்ச நாளாக அவளும் என்னோடு குழைந்த சோறுதானே தின்கிறாள்! டாக்டர் மேல் பாய்ந்தேன்.

"வலிக்கக் கூடாது."

"மரத்துப்போக ஊசி போட்ருவோம்."

"எலும்பு பிடிக்கலேன்னா?"

"ஆறவிட்டு மறுபடி வைப்போம். ஆனா பீடியை விட்டுறணும்."

"என் பொண்டாட்டியா பீடி குடிக்கிறா? விட்டாச்சு, போ! வேற?"

"பேச்சு மாற மாட்டீங்களே, பாய்?"

துண்டை நீட்டினேன். டாக்டர் தயங்காமல் உள்ளே கைவிட்டு என் விரல்களை அழுத்தினார். துண்டுக்குள் முடிந்த பேச்சை நான் மாற்றியதே இல்லை. மாற்றினால் சந்தையில் தலைகாட்ட முடியுமா?

"முடிஞ்சதா?" என்றாள் சைதூன். "அப்ப அவுகளை நாற்காலில உக்கார வைங்க டாக்டர்."

"அடியே, உன் பல்லு?"

வாயைத் திறந்து காட்டினாள். வரிசை குலையாத பல். வெள்ளாட்டுக்குட்டி தோற்கும்.

"பெறகு ஏன்டி கொழைஞ்ச சோறு தின்ன?"

"நீங்க கஞ்சி குடிக்க, எதிர்ல உக்காந்து நான் எலும்பு கடிக்கவா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஊசி உள்ளே போய்விட்டது.

எலும்பு வைத்தாயிற்று. அது பிடித்துப் பல் கட்ட மாசக்கணக்காகுமாம். அதுவரை எனக்குக் கஞ்சி. அவளுக்கும் கஞ்சி! கறி எடுத்துவந்து கெஞ்சினேன். கத்தினேன். துண்டைக்கூட நீட்டினேன். கைகொடுக்க மாட்டேன் என்கிறாள்.

ஆகவே, சொல்லிக்கொடுத்த புண்ணியவானே, வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வா. நீ செய்ததை நீயே சரிசெய். அவளிடம் பேசி ஒரு வாய் கறியாவது தின்னவை.

எனக்குப் பேரம் பேசத் தெரியவில்லை.