கணவாய் அணியின் தோல்விக்காலத் தியாகி

தோற்கிற அணியை ஆதரிப்பவர்கள் உண்டு. ஜெயிக்கிற அணியை ஆதரிப்பவர்களும் உண்டு. இந்த இருவரைப் பற்றியும் நமக்குக் கவலை இல்லை. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அணி தோற்றுக்கொண்டிருந்தபோது கூடவே இருந்து, மழையில் நனைந்து, வீட்டில் திட்டு வாங்கி, தொண்டை கிழியக் கத்தி, கடைசியில் அது ஜெயிக்கத் தொடங்கியதும் அந்த ஜெயத்தையே தமக்குச் செய்த துரோகமாக நினைக்கும் இனம். தோல்விக்காலத் தியாகி என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் மியோங்போ துறைமுகத்தில் இப்போது மீனவர்களைவிட இவர்கள்தான் அதிகம். இவர்களுக்கெல்லாம் தலைவர் சலவைக்கடை பியோ தேகுன். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அடுத்த கடை அவருடையது.

அவரை அடையாளம் காண்பது எளிது. எங்கள் ஊர்க் கால்பந்து கிளப்பான கணவாய்மீன் சின்னம் போட்ட கணவாய் அணியின் பழைய நீலக் கழுத்துத்துண்டு எப்போதும் தோளில் கிடக்கும். அதில் விளம்பரம் போட்ட கடற்பாசிக் கம்பெனி மூடி ஆறு வருஷம் ஆகிறது. துண்டைத் துவைக்க மாட்டார். ஊர் அழுக்கையெல்லாம் துவைக்கிறவர், அதை மட்டும் துவைக்க மாட்டார்.

"நாத்தம் அடிக்குதே அண்ணே" என்றேன் ஒருநாள்.

"அது நாத்தம் இல்ல தம்பி. பதினேழு தோல்வி."

தோல்விகளிலும் ஒரு மகா தோல்வி உண்டல்லவா? ஒரு நவம்பர் மாதம், பனிமழையில், ஆறுக்குப் பூஜ்யம் என்று எங்கள் அணி சொந்த ஊரிலேயே உதை வாங்கியது. மைதானத்தில் இருந்தவர்கள் ஐம்பத்து மூன்று பேர். அன்று வந்திருந்ததாக இன்று சொல்லிக்கொள்பவர்களைக் கூட்டிப் பார்த்தால் நாலாயிரம் தேறும். நியாயமாகச் சொல்ல வேண்டும்: பியோ உண்மையாகவே வந்திருந்தார். பக்கத்தில் நான்தான் இருந்தேன். என் கப் நூடுல்ஸில் பாதியைத் தின்றவரும் அவர்தான்.

பிறகு புதுப் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். என்ன செய்தாரோ, அணி ஜெயிக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, தொடர்ந்து பன்னிரண்டு ஆட்டம் தோல்வியே இல்லை. கிளப்பை இழுத்து மூடலாம் என்று சொன்ன மேயர் நீலத்துண்டு போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்கெல்லாம் போனார். ஊரே கொண்டாடியது. ஒவ்வொரு வெற்றிக்கும் பியோவின் முகம் மட்டும் வெந்நீரில் போட்ட கம்பளிபோலச் சுருங்கிக்கொண்டே வந்தது.

"இதெல்லாம் ஒரு ஆட்டமா தம்பி? ஜெயிக்கணும்னே ஆடுறானுங்க!"

புதிதாக வந்த ரசிகர்களுக்கு அவர் பரீட்சை வைப்பார். அந்த வருஷம் மார்ச்சில்தான் முதன்முதலாக மைதானத்துக்கு வந்த மா ஹேசுக் என்ற பள்ளிக்கூட டீச்சர் வகையாக மாட்டிக்கொண்டார்.

"டீச்சர், ஒரே மாசத்துல நம்ம டீம் மூணு கோச்சை மாத்துச்சே, எந்த வருஷம்?"

"தெரியாது முதலாளி."

"போகட்டும். அந்த ஆறு கோல் வாங்கின அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

"வீட்லதான் இருந்தேன். மழை பேஞ்சுதாமே?"

சுதந்திரப் போராட்டம் நடந்தபோது தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார் பியோ.

இரண்டாம் பிரிவில் அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம் வந்தது. சமன் செய்தாலே போதும், முதல் பிரிவுக்குப் போய்விடலாம். டிக்கெட்டெல்லாம் கைபேசியில் ஒன்பது நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. பியோ கைபேசியில் டிக்கெட் வாங்கிப் பழகாதவர். ஆளே வராத மைதானத்துக்கு யார் முன்பதிவு செய்வார்கள்? சனிக்கிழமை மதியம் டிக்கெட் ஜன்னலில் போய்க் கையை நீட்டினார். இல்லை என்றார்கள்.

"எனக்கா? எனக்கா இல்ல?"

அந்த வழியாக வந்த மா டீச்சர்தான், காய்ச்சலில் படுத்திருந்த கணவரின் டிக்கெட்டைக் கொடுத்தார். ஏதோ தாம் உபகாரம் செய்வதுபோல பியோ அதை வாங்கிக்கொண்டார். இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். அதே வரிசையில் டீச்சருக்கு மறுபக்கம் நான்.

எண்பத்தெட்டாவது நிமிஷம் வரை யாருக்கும் கோல் இல்லை. அப்போது எதிரணி ஒன்று போட்டது. பதினோராயிரம் பேர் வாயடைத்துப் போனார்கள். ஒரு குரல் மட்டும் பெண்ணுக்கு வரன் அமைந்த தகப்பன்போலக் குதூகலித்தது.

"பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன்ல! அழாதீங்க டீச்சர். முதல் தடவை அப்படித்தான் வலிக்கும், அப்புறம் பழகிடும். உண்மையான ரசிகன் யாருன்னு இனிமேதான் தெரியும். அடுத்த வருஷம் பாருங்க, இந்த வரிசையில நாம மூணே பேர்தான்!"

சொன்னதோடு நிற்கவில்லை. ஓடிப்போய் எங்கள் மூவருக்கும் சூடான மீன்கட்டி சூப் வாங்கி வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தது அன்றுதான்.

தொண்ணூற்று நான்காவது நிமிஷம். மூலையிலிருந்து பந்து வந்தது. எங்கள் ஆள் ஒருவனின் முழங்காலில் பட்டது. வலைக்குள் போனது. மைதானமே எழுந்தது. டீச்சரின் சூப் என் மேல் கொட்டியது. பியோ மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"முதலாளி! கோல் போட்டது நம்ம டீம்!"

"பாத்தேன்."

"அப்ப எந்திரிங்க!"

"முழங்கால்ல பட்டுப் போச்சு. அதெல்லாம் ஒரு கோலா?"

இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளின் திருட்டு முழியைப் பார்த்துப் பழகியவர் டீச்சர். பியோவை உற்றுப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நாம தோத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பீங்க, இல்ல?"

அடுத்த கணம் பியோ தோள் குலுங்க அழுதார். துவைக்காத துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். தொலைக்காட்சிக் காமிரா விடுமா? மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் முதல் பக்கம் முழுக்க அவர் படம். 'உண்மை ரசிகரின் ஆனந்தக் கண்ணீர்.' மேயர் அதற்குச் சட்டம் போட்டுக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். பியோவும் வாங்கி மாட்டிக்கொண்டார்.

மேயரோடு வந்த கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன்.

"நெசமா எதுக்கு அண்ணே அழுதீங்க?"

ஒரு சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னார்: "அந்த மழை ஆட்டம் முடிஞ்சதும் டீம் பசங்க வந்து குனிஞ்சு வணங்கினாங்களே, ஞாபகம் இருக்கா? ஐம்பத்து மூணு பேரையும் ஒவ்வொரு முகமா பாத்தாங்க தம்பி. என்னையும் பாத்தாங்க. இப்ப பதினோராயிரம் பேரப் பாத்துக் கைய ஆட்டுறானுங்க. அதுல நான் எங்க இருக்கேன்னு அவனுங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேலி எழுத வந்தவனுக்கு இது அழகில்லைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பிரிவுக்குப் போன அணி, முதல் ஐந்து ஆட்டத்திலும் தோற்றது. கூட்டம் பாதியானது. பியோவுக்குப் பத்து வயது குறைந்தது. ஐந்தாவது தோல்வியன்று எங்கள் வரிசைக்குப் புதிதாக ஒரு தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். பியோ தொண்டையைச் செருமினார். அதற்குள் மா டீச்சர் முந்திக்கொண்டார்.

"முழங்கால் கோல் போட்ட அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

இது ஒட்டுவாரொட்டி. பந்தாட்டமே பார்க்காதவர் நீங்கள், அதனால் தப்பித்தீர்கள் என்கிறீர்களா? நாலே மேஜை போட்டிருந்த சாப்பாட்டுக் கடை வாசலில் இன்று வரிசை நிற்பதைப் பார்த்து, "முன்ன மாதிரி ருசி இல்ல" என்று சாப்பிடாமலே சொன்னதில்லையா? இல்லையா? நல்லது. ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, "யாருக்கும் தெரியாம இருந்த காலத்துல இந்த ஆள் இதைவிட நல்லா எழுதுவான்" என்று உங்களுக்குள் ஒரு நினைப்பு ஓடியதே, அதை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.