மாமா இருந்த பெட்டி

இனி எங்கள் வீட்டில் எதுவும் அழியக்கூடாது என்று 2006-ஆம் வருடம் ஜூன் மாதம் ஒரு தீர்மானம் எடுத்தேன். தீர்மானம் எடுப்பதில் எனக்கு இருபத்தைந்து வருட அனுபவம் உண்டு. கல்யாணமாகியும் அத்தனை வருடம்தான் ஆகிறது.

பெயர் சத்தியநேசன். திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. மகள் ஷாலுவை துபாய்க்காரருக்குக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நானும் மனைவி ரத்னாபாயும் ஈரமும்தான் மிச்சம். இந்த ஊர் மழைக்குச் செருப்பில் பூசணம், ஆல்பத்தில் பூசணம், என் கல்யாணக் கோட்டில் முதுகு முழுக்கப் பூசணம்.

பூசணம் பிடிக்காத இடம் ஒன்று இருக்கிறது என்று அழகியநம்பி சொன்னார். திருநெல்வேலிக்காரர். முன்பு பக்கத்து வீட்டில் இருந்தவர். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் சர்வர் கம்ப்யூட்டர்களை மேய்க்கிறார். கம்பெனி வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு பழைய பெட்டியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

"இது என்னவாக்கும்?" என்றாள் ரத்னாபாய்.

"சர்வர். போட்டோ, பாட்டு, பத்திரம் எல்லாம் இனி இதுக்குள்ள இருக்கும்."

"பீரோவுக்கு என்ன கேடு?"

"பீரோல ஒண்ணுதான் இருக்கும். இதுக்குள்ள ரெண்டு டிஸ்க் உண்டு. ஒண்ணுல எழுதினா மத்ததுலயும் தானா எழுதிரும். ஒண்ணு செத்தாலும் மத்தது இருக்கும்."

"ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளயா?"

"ஆமா."

"பெட்டி மேல தண்ணி கொட்டினா?"

"நீ எதுக்குக் கொட்டப் போற?"

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பெட்டியின் மேல் தோசை மாவுப் பாத்திரம் உட்கார்ந்திருந்தது. மழைக்காலத்தில் மாவு புளிக்காது, இந்தப் பெட்டிச் சூட்டில் நன்றாகப் புளிக்கிறது என்றாள். என் தொழில்நுட்பத்துக்கு வீட்டில் கிடைத்த முதல் பாராட்டு அது.

பெட்டி வாங்கியதன் உண்மையான காரணத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். என் மாமனார் பொன்முடி எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் முப்பது வருடம் சபை உபதேசியாராக இருந்தவர். லயத்தின் இந்தக் கோடியில் ஜெபம் பண்ணினால் அந்தக் கோடியில் ஆமென் கேட்கும். எங்கள் கல்யாணத்தில் அவர் செய்த ஜெபத்தை யாரோ கேசட்டில் பிடித்திருந்தார்கள். அவர் போய்ப் பதினேழு வருடமாகிறது. ஆகஸ்ட் பதினாறு, எங்கள் கல்யாண நாளில் மட்டும் ரத்னாபாய் அதைப் போட்டுக் கேட்பாள். கேட்டுவிட்டு மத்தியானம் வரைக்கும் யாரிடமும் பேசமாட்டாள். வெள்ளி விழாவுக்கு அந்தக் குரலை அழியாமல் ஆக்கிக் கொடுப்பது என்பதுதான் திட்டம்.

டேப் ரெக்கார்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர் இழுத்தேன். அருமையாக ஏறியது. 'மாமா' என்று பெயரிட்டுச் சேமித்தேன். அதோடு எழுந்திருக்க வேண்டியதுதானே? கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி வைப்போம் என்று பட்டனை அமுக்கினேன். ரெக்கார்டர் டேப்பை இழுத்து, மென்று, துப்பியது. கசங்கிய சுருளைக் கேசட்டுக்குள் திணித்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். ஆக, மாமா இப்போது பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ரத்னாபாய் பெண்கள் சங்கத்துக்குப் போவாள். அவள் தலை மறைந்ததும் கதவைச் சாத்திவிட்டு, மாமா சுகமாக இருக்கிறாரா என்று ஒருமுறை போட்டுக் கேட்பேன்.

ஜூலையில் சோதனை தொடங்கியது. எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறரைக்குக் குடும்ப ஜெபம். ஏழு மணிக்கு முடிந்ததும் நான் சந்திப்புக் கடை வரை நடந்து, பால் கவர் வாங்கித் திரும்புவேன். திரும்பி வந்தால் பெட்டி செத்துப் பிழைத்து, டிஸ்குகளைச் சோதித்துக்கொண்டிருக்கும். தினமும் இதே கதை.

வயரை மாற்றினேன். விசிறியைத் துடைத்தேன். யூ.பி.எஸ். வாங்கினேன். மாவுப் பாத்திரத்தைக்கூட இறக்கினேன், ஒரு வாரம் கல் மாதிரி தோசை தின்றதுதான் மிச்சம். கடைசியில் அழகியநம்பியைப் போனில் பிடித்து, பெட்டி தானே எழுதிவைக்கும் குறிப்பைப் படித்துக் காட்டினேன்.

"டெய்லி ஏழு பத்துக்கு நிக்கி. ஏழு முப்பத்தஞ்சுக்கு எந்திரிக்கி. சரியா அண்ணாச்சி?"

"சரிதான். ஞாயித்துக்கிழமை மட்டும் நிக்கல்ல."

"ஞாயித்துக்கிழமை நீங்க என்ன செய்வீய?"

"நானும் அவளும் சாயங்கால ஆராதனைக்குப் போவோம்."

"அப்போ இது வேதக்கார வைரஸா இருக்கும் அண்ணாச்சி. ஓய்வு நாள் பாக்குது."

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. அன்று குடும்ப ஜெபத்தில் வாய்விட்டே கேட்டேன். "ஆண்டவரே, இந்த வீட்டுச் சர்வர் ஏழு பத்துக்கு நிற்கிற காரணத்தை அடியேனுக்கு வெளிப்படுத்தும்." ரத்னாபாய் என்றுமில்லாத சத்தத்தில் ஆமென் சொன்னாள். பாவம், என் கஷ்டம் அவளுக்கும் புரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் விழுந்து எழுந்ததில் ஒரு டிஸ்க் போயே போய்விட்டது. ஆகஸ்ட் பதினைந்து, விடுமுறை நாள். புதிய டிஸ்க் வாங்கி மேல் தட்டில் மாட்டினேன். எதிலிருந்து எதற்கு நகலெடுக்க வேண்டும் என்று திரை கேட்டது. அதற்குக் கீழே ஒரு பாரா எச்சரிக்கையும் இருந்தது. எச்சரிக்கையை எல்லாம் உட்கார்ந்து படிக்கிற பொறுமை இருந்தால் நான் ஏன் சூப்பிரண்டாகவே இருக்கிறேன்? மேலே இருந்து கீழே என்று அமுக்கினேன். இரண்டு மணி நேரம் ஓடி, 'வெற்றிகரமாக முடிந்தது' என்று வந்தது.

வெற்றிதான். புதிய டிஸ்கில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் பழையதிலும் எழுதி முடித்திருந்தது.

மாமாவை இரண்டாம் முறை இழந்தேன். முதல் முறை அவரை நான் கொல்லவில்லை என்ற ஆறுதலாவது இருந்தது.

மறுநாள் காலை. ரத்னாபாய் கல்யாணப் பட்டுச்சேலையை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். கல்யாணத்தன்று பார்த்த மாதிரியே இருந்தது பட்டு; அவளும்தான்.

"ரத்னா, ஒரு காரியம் சொல்லணும். உங்க அப்பாவோட கேசட்..."

"சவச்சுப் போச்சு. ஜூன்லயே பாத்தேன்."

"உனக்குத் தெரியுமா?"

"திணிச்சு வச்சிருந்த லெச்சணத்தப் பாத்தாலே தெரியாதா?"

"பெட்டிக்குள்ள ஏத்தி வச்சிருந்தேன். நேத்து அதுவும் போச்சு. என்னாலதான்."

அவள் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயின்ட். குனிந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். யூ.பி.எஸ். கீச்சுகீச்சென்று கத்தியது. பழகிய கையால் அதன் தலையில் தட்டி அணைத்தாள்.

"அத எதுக்குப் பிடுங்குத?"

"தினமும் பிடுங்குறதுதான். நீங்க பாலுக்குப் போனதும் பிடுங்குவேன், வாறதுக்கு முன்ன மாட்டிருவேன்."

"ஏழு பத்துக்கா?"

"கேளுங்க முதல்ல," என்று பட்டனை அமுக்கினாள்.

மாமா பேசினார். "ஆண்டவரே, என் மகளை இந்தத் தம்பி கையில தாறேன். நல்ல பையன்தான். கொஞ்சம் அவசரக்காரன். ரெண்டு பேரையும் நீர்தான் பாத்துக்கிடணும்." கல்யாண வீடே சிரிக்கும் சத்தம். பிறகு ஆமென்.

"இது எப்பிடி?" என்றேன்.

"நான் சங்கத்துக்குப் போனதும் நீங்க கதவச் சாத்திட்டு அப்பாவப் போடுதியன்னு பக்கத்து வீட்டு நாச்சியாரு சொன்னா. அவ வீட்டு வரைக்கும் கேக்குதாம். அடுத்த சனிக்கிழமை இதுல பேட்டரியும் வேற கேசட்டும் போட்டு, ரெக்கார்டை அமுக்கி, மேல துணியப் போட்டு மூடி வச்சிட்டுப் போனேன். பேட்டரி அன்னைக்கே தீந்துட்டு."

டேப் நிற்கவில்லை. ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் என் குரல். "மாமா, அவசரக்காரன்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா உங்க மவள நான் நல்லா பாத்துக்கிட்டனா? அவகிட்ட கேக்க எனக்குத் தைரியம் இல்ல மாமா." அதன் பிறகு ஓர் ஐம்பது வயது ஆண் அழும் சத்தம். கொஞ்சம் அதிக நேரமே அழுதிருக்கிறேன்.

எனக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. ரத்னாபாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பாவக் கேக்கத்தான் முதல்ல போட்டேன். பொறவு தினமும் போட்டது இதக் கேக்க. பாத்துக்கிட்டிய. நல்லாவே பாத்துக்கிட்டிய. எங்கிட்டயே கேட்டிருக்கலாம்."

என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே மழை பிடித்தது.

கையை விட்டதும் எனக்குள் இருந்த கணவனுக்குப் புத்தி திரும்பியது.

"ரத்னா, உங்க அப்பா பேசினது மட்டும் இருக்கட்டும். கடைசில உள்ளத அழிச்சிரலாமே?"

"அழிக்கதா? ஒரே எடத்துல வச்சா போயிரும்னு ஷாலுவுக்கு ஒண்ணு அனுப்பினேன், நாச்சியாரு வீட்டுல ஒண்ணு இருக்கு, உபதேசியார் குரல் வேணும்னு நம்ம சங்கத்துலயும் ஒண்ணு வாங்கி வச்சிருக்காவ. நீங்க அழுதது நாலு எடத்துல பத்திரமா இருக்கு."