ஜிலேபி மீனின் பால் தொடர்பான கோப்பு

தென்காசியில் எந்த உயிராக இருந்தாலும், கோப்பு திறக்கப்படும் நாளில் அது ஆணாகவோ பெண்ணாகவோ இருந்தாக வேண்டும். இது சட்டமில்லை, படிவத்தில் அப்படி இரண்டு கட்டங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். சட்டத்தை மாற்றச் சட்டமன்றம் இருக்கிறது. படிவத்தை மாற்ற யாரும் கிடையாது.

இது தெரியாமல் ஆராய்ச்சியில் இறங்கியவள் இலத்தூர் ஜோதிலட்சுமி. 'ஜிலேபி மீன் குஞ்சுகளின் பால் வேறுபாட்டில் ஸ்டீராய்டு ஹார்மோன் மரபணுக்களின் பங்கு' என்பது தலைப்பு. ஊரில் இரண்டு சிமெண்ட் தொட்டி கட்டி, ஒன்றில் சாதாரணத் தண்ணீரும் மற்றதில் சூடேற்றிய தண்ணீரும் விட்டுக் குஞ்சுகளை வளர்த்தாள். பொரித்த இருபத்தைந்து நாளுக்குள் குஞ்சுகள் ஆணா பெண்ணா என்று ஆகிவிடும். அதற்குள் எடுத்துச் சோதித்தால்தான் அவளுக்குப் பட்டம். குஞ்சுகளை எடுக்க நீர்வாழ் உயிரினத் தடையின்மைச் சான்று அலுவலகத்தின் கையெழுத்து வேண்டும். பொரித்த அன்றே மனுக் கொடுத்துவிட்டாள், பாவம்.

எழுத்தர் பேச்சிராஜ் தலைப்பை முழுவதும் படிக்கிற வழக்கமில்லாதவர். 'பால்' என்ற சொல் கண்ணில் பட்டதும், கடமையுணர்வு பொங்க, கோப்பைப் பால் பண்ணைப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஒன்பது நாள் ஆழ்ந்து பரிசீலித்து, 'மீனிடம் பால் கறக்கும் திட்டம் எதுவும் இப்பிரிவில் நிலுவையில் இல்லை. கறவை தொடங்கிய பின் மீண்டும் அணுகலாம்' என்று பணிவன்புடன் திருப்பினார்கள்.

பத்தாம் நாள் கோப்பு கண்காணிப்பாளர் ஞானசம்பந்தத்தின் மேசைக்கு வந்தது. மேசை இருந்தது, அவர் இல்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேலதிகாரியின் மைத்துனர் குடும்பத்தோடு ஐந்தருவிக்கு வந்திருந்தார். அவருக்கு எண்ணெய், துண்டு, கூட்டமில்லாத அருவி ஆகியவற்றை ஏற்பாடு செய்யும் அரசுப் பணியில் அலுவலகமே எட்டு நாள் நனைந்துகொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள் ஞானசம்பந்தம் தலையைத் துவட்டியபடி, ஜோதிலட்சுமியை எதிரே நிறுத்திப் படிவத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, ஆண் எத்தன, பெண் எத்தனன்னு போடாம விட்டுருக்கியே."

"இன்னும் ஆணும் ஆகல, பொண்ணும் ஆகல சார்."

"பொறந்தாச்சில்லா?"

"பொறந்தாச்சு சார்."

"பொறந்த பொறவு ஏதாவது ஒண்ணா இருக்கணும்லா. அதென்ன யோசிச்சுச் சொல்லுதேன்னு நிக்கது?"

ஜோதிலட்சுமி பொறுமையாகச் சொன்னாள். "மீனு ஒடம்புல ஒரு மரபணு இருக்கு சார். அது வேல செஞ்சா ஆண் ஹார்மோன் பெண் ஹார்மோனா மாறிரும், குஞ்சு பொண்ணாகும். சும்மா இருந்துட்டா ஆணாகும்."

"மேலிடத்து உத்தரவு இல்லாமலா இவ்வளவு பெரிய முடிவ எடுக்குது?" என்று கேட்ட பேச்சிராஜ் உண்மையிலேயே கவலைப்பட்டார்.

ஞானசம்பந்தம் கண்ணாடியைக் கழற்றினார். "இது வேற விவகாரம்லா. ஆணா பொண்ணான்னு முன்கூட்டிப் பாக்கது குத்தம். ஸ்கேன் சென்டர்ல போர்டே வச்சிருக்கான்."

"அது வயித்துல இருக்க பிள்ளைக்கு சார். இது பொறந்த மீனு."

"நீதானம்மா இன்னும் ஆகலன்னே. ஆகாதத முன்னாடியே பாத்தா குத்தந்தான். சட்ட ஆலோசனைக்கு அனுப்புதேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னும் ஆறு நாளுதான் சார் இருக்கு. விட்டா மூணு வருசப் படிப்பு போச்சு. தண்ணியச் சூடாக்குனா அந்த மரபணு அடங்கி, ஆண் மீனா நெறைய வரும். அத நிரூபிக்கத்தான் கேக்கேன்."

அலுவலகத்தில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. மனு கொடுக்க வருகிறவர்களுக்காக ஒருநாளும் நிமிராத தலைகள் அவை.

ஆனாலும் கோப்பு சட்ட ஆலோசனைக்குப் போயிற்று. இருபத்தாறாம் நாள் காலையில் இரண்டு தொட்டி மீன்களும், எந்தச் சான்றும் பெறாமல், ஆணாகவும் பெண்ணாகவும் ஆகியிருந்தன.

அன்று சாயங்காலம் ஞானசம்பந்தம் இலத்தூருக்கே வந்தார். கையில் இருபது லிட்டர் கேன்.

"மருமவ மூணு மாசமா இருக்கா. மொத ரெண்டும் பொட்டப்புள்ள. அந்தச் சூட்டுத் தண்ணி ஒரு கேன் குடும்மா."

"சார், அது மீனுக்குத்தான். மனுசங்களுக்கு அப்பாட்டருந்து வாரதுலயே முடிவாயிருது. உங்க மவன்ட்டதான் கேக்கணும்."

"அவன விடு. மீனும் உசுருதானம்மா."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அடுத்த முறை பொரிக்கும் குஞ்சுகளுக்கு இப்போதே சான்று, ஆராய்ச்சிக் கால நீட்டிப்புக்குப் பரிந்துரை, இரண்டிலும் கையெழுத்து. காலியாகக் கிடந்த கட்டங்களையும் அவரே நிரப்பியிருந்தார்: ஆண் – அனைத்தும். பெண் – இல்லை.

ஜோதிலட்சுமி அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு கேனை வாங்கினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோபம் வந்தது, அது வேறு.

மறுநாள் சூட்டுத் தொட்டியடியில் வரிசை ரோடு வரை நின்றது. சட்ட ஆலோசகர் வந்திருந்தார். பால் பண்ணைப் பிரிவு முழுமையாக வந்திருந்தது. கீழப்பாவூரிலிருந்து ஒரு குடும்பம் வேன் வைத்து வந்திருந்தது. நான் பதினேழாவது ஆள். எழுதுவதற்காகப் போனேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். குடம் எதற்கு என்று மனைவி கேட்கவில்லை.

பக்கத்திலேயே சாதாரணத் தண்ணீர்த் தொட்டி. பெண் மீன்கள் அதிகம் உள்ளது அதில்தான். அங்கே நின்றால் இடிபடாமல், நிழலில் நிற்கலாம். ஒருவரும் நிற்கவில்லை. நானும்தான்.