எல்லாரும் சைவமான கல்யாணம்

மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத லாரியில் கிளீனராக இருந்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் தூங்கி லத்தியடியில் விழித்திருக்கிறேன். அப்போதெல்லாம் வராத பயம், திண்டுக்கல்லில் என் அக்கா ஸ்டெல்லாவின் கல்யாணத்தன்று, மண்டபத்துச் சமையல்கட்டில் கறி வாசனை வராதபோது வந்தது.

ஒன்பதாவதோடு ஊர் சுற்றப் போனவன், அந்த வருடம்தான் திரும்பிவந்து ஒரு சென்டரில் டேட்டாபேஸ் கற்றுக்கொண்டிருந்தேன். (கற்றேன் என்பது என் நம்பிக்கை மட்டுமே.) கல்யாணம் கார்த்திகையில். அப்பாவின் சிநேகிதர்கள் பலர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார்கள். அவர்களுக்குச் சைவப் பந்தி தனி. அந்த வீடுகளைக் கம்ப்யூட்டரில் பிரித்துத் தருவதாக நெஞ்சை நிமிர்த்தினேன்.

வீட்டுக்கு ஓர் எண். ஆட்டுக்கறிக்கு 1, கோழிக்கு 2, சைவத்துக்கு 4. ஆட்டுக்கறியோடு சைவமும் வேண்டிய வீடு 5. எண்ணுக்குள் 4 ஒளிந்திருக்கிறதா என்று சலித்துப் பார்க்க & குறி போட வேண்டும். நான் | போட்டேன். அது சலிக்காது; 4 இல்லாத வீட்டிலும் தானே ஒரு 4-ஐச் சேர்த்துவிட்டு, "இருக்கிறது" என்று சாதிக்கும். சைவ வீட்டுப் பட்டியல் தாள் கட்டாக வந்தது. அந்தக் கனத்தில் எனக்குப் பெருமை வேறு. அப்படியே சமையல் மாஸ்டரிடம் நீட்டிவிட்டேன்.

"மாஸ்டர், கறி எங்க?"

"தாள்ல இல்லாத வீட்டுக்குத்தான கறி? ஒரு வீடும் மிஞ்சல தம்பி."

"மாப்ள வீட்டுக்காரக எங்கள மாதிரி வேதக்காரகண்ணே, சர்ச்சுக்குப் போறவுக! அவுக எப்படி மாலை போடுவாக?"

"நானும் செத்த நேரம் யோசிச்சேன். கம்ப்யூட்டரே சொல்லுதேன்னு விட்டுட்டேன். இப்ப ஆடு வாங்கலாம்னா அய்யலூர்ச் சந்தையும் நேத்தே முடிஞ்சிருச்சு."

மாதா கோயில் மணி அடித்தது. கல்யாணப் பூசை முடிந்துவிட்டது.

முதல் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா, கன்னிவாடிக்காரர், பிரியாணியைக் கிளறிக்கொண்டே இருந்தார். "ஏலே, இம்புட்டுத் தோண்டுனா கெணத்துல தண்ணியே வந்திருக்கும்! திண்டுக்கல்லுல பொண்ணெடுத்ததுக்கு இதா மரியாத? எந்திரிங்கடா, வண்டிய எடு!"

வரிசையே எழுந்தது. பெண்ணை விட்டுவிட்டே போய்விடுவார்களோ? நான் ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒளிந்தேன். கல்யாணப் புடவையோடு அக்கா அங்கேயே வந்து நின்றாள். திட்டவில்லை; அதுதான் பயங்கரம்.

"நான் வாழவா, வேணாமாடா?"

பந்தியில் ஒரு சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை அருள், பெரியப்பா விட்டுப்போன இலையிலேயே உட்கார்ந்து கத்தரிக்காயைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நானும் மாலை போட்டிருக்கேன்னு வச்சுக்கங்க பெரியப்பா. உக்காருங்க, பசிக்குது."

பெரியப்பா முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். சிரித்த பின் எழுந்து போக முடியாது, உட்கார்ந்தார்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனால், எல்லார் இலையிலும் கறிக்குழம்பு. எனக்கு மட்டும் அருள் மச்சான் ரசம் ஊற்றுவார்.

"என்ன மச்சான் இது?"

"கோவிச்சுக்காத மாப்ள. அன்னைக்கு நீ எடுத்த தாள்ல உன் பேரும் இருந்துச்சு."