அந்தப் பக்கம் நாடா தள்ளுறது யாரு?

உலகப் புகழ் அடைஞ்சே தீர்றதுன்னு மயில்வாகனம் சபதம் எடுத்தது வாய் நிறைய பேஸ்ட் நுரையோட நிக்கும்போது. அதனால சபதத்தை வெளிய சொல்ல முடியல. சொல்லியிருந்தாலும் கேக்க ஆளில்ல. பொண்டாட்டி புவனேஸ்வரி அந்நேரத்துக்கே தறிகிட்ட உக்காந்து அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கினு இருந்தா.

புகழ்னா எந்தப் புகழ்? அது ரெண்டாயிரத்து ஏழு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பசங்க பாதிப் பேரு இன்டர்நெட்டுல ஆர்குட்டே கதின்னு விழுந்து கெடந்த வருஷம். அதுல ‘பயந்தவன் சங்கம்’னு ஒரு கம்யூனிட்டி. பேய்ப்படப் பைத்தியங்க கூடற எடம். நம்ம பேய், ஜப்பான் பேய், கொரியாப் பேய்னு பேதம் பாக்காம எல்லாப் பேயையும் மதிக்கறவங்க. அங்க நம்மாளு பேரு ‘ரத்த மயில்’. பாலிடெக்னிக்கை ரெண்டாம் வருஷத்தோட விட்டுட்டு வந்தவனுக்கு அதுதான் காலேஜு. பிரச்சனை இன்னான்னா, அந்தக் காலேஜுலயும் அவனுக்கு அரியர்தான்.

‘படம் செம. பயந்துட்டேன்’னு போடுவான். ஒரு வாரம் கழிச்சுப் போய்ப் பாத்தா கீழ எவனோ ஒருத்தன் ‘சரி’ன்னு போட்டிருப்பான். அவ்ளோதான். இன்னொருத்தன் கதவு கிறீச்சிடறதைப் பத்தி நாலு வரி எழுதுவான், அதுக்கு எண்பது பேர் வந்து பயந்து போய்த் தண்ணி குடிச்சதா பதில் போட்டுட்டுப் போவாங்க.

சங்கத்துத் தலைவன் பேரு ‘மயானக் காவல்’. நேர்ல பாத்தவன் எவனும் கெடையாது. அவரு மேலேயே ஒட்டி வச்சிருந்தாரு: ‘பயந்தேன்னு சொல்லாதே, பயமுறுத்து. உன் ஊர்ப் பேயைக் கொண்டா. உங்க ஊர்ல ஒரு பேய்ப்படம் எடுத்தா இன்னா கதை? எவன் கதைக்குக் கூட்டம் கூடுதோ அவன் இனிமே என்கூட சங்கத்தைக் கட்டி மேய்க்கற மாடரேட்டர்.’

மாடரேட்டர். மயில்வாகனம் அந்த வார்த்தையை நாக்குல வச்சு உருட்டிப் பாத்தான். பட்டு மாதிரி வழுக்கிக்கினு போச்சு.

ஆனா ஊர்ப் பேய்க்கு எங்க போறது? காஞ்சிபுரத்துல தடுக்கி விழுந்தா கோயில். பேய்க்கு வாடகைக்குக் கூட ஒரு மூலை கெடைக்காது.

அந்த யோசனையோட மத்தியானம் வேண்டா வெறுப்பா தறிக்குழியில காலை விட்டான். தறியில இருந்தது ஆவணி முகூர்த்தப் பொடவை, அரக்கு உடம்பு, பச்சைக் கரை. கோர்வைப் பொடவை. கோர்வைன்னா ஒரு ஆளால முடியாது. உடம்புக்கு ஒருத்தன் நூல் சுத்தின நாடாக் கட்டையை விடணும், தறியோட வலது ஓரத்துல உக்காந்து கரைக்கு ஒருத்தர் நாடா தள்ளணும். இவன் விட்டா புவனா தள்ளணும், அவ தள்ளினாத்தான் இவன் விடணும். தாலி கட்டினதை விட இது கெட்டியான முடிச்சு.

கோயில் நடை சாத்தின நேரம். தெருவே கண்ணை மூடிக்கினு கெடந்துச்சு. ஓட்டுல இருந்த கண்ணாடி வழியா ஒரு துண்டு வெயில் எறங்கி, ஜரிகை மேல நடந்து, மெல்ல இவன் மடியில ஏறி உக்காந்துச்சு. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமெல்லாம் தண்ணிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி கேட்டுச்சு. அப்படியாப்பட்ட நேரத்துல தூங்கிடாம இருக்க புவனா எதனா பேசுவா. இவன் ‘ம்’ போடுவான். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ பேச்சுக்கு அவன் குடுத்த பதில் எல்லாத்தையும் சேத்தாலும் அந்த ஒரு எழுத்துதான்.

“இதே மாதிரி ஒரு வீடு மாமா,” புவனா ஆரம்பிச்சா. “இதே மாதிரி உச்சி நேரம். புருஷன் உடம்புக்கு நாடா விடறான், பொண்டாட்டி கரைக்குத் தள்றா. தலையைத் திருப்பாம பேசிக்கினே நெய்யறான். நாடா போவுது, வருது. போவுது, வருது. அப்போ கொல்லையில கெணத்தடியிலேர்ந்து அவன் பொண்டாட்டி குரல் குடுக்கறா. ‘ஏங்க, சோறு ஆறுது, வாங்க’ன்னு.”

மயில்வாகனத்துக்குக் கை நின்னுடுச்சு.

“அப்போ அந்தப் பக்கம் நாடா தள்ளுறது யாரு?”

“இரு, பால் பொங்குது,” புவனா எழுந்து போயிட்டா.

அவ பாலை எறக்கறதுக்குள்ள இவன் சைக்கிளை எடுத்துட்டான். மூங்கில் மண்டபத்துகிட்ட முனிரத்தினம் பிரவுசிங் சென்டர். கேட்டதை ஒரு வார்த்தை விடாம அப்படியே தட்டினான். மறந்துடப் போவுதுன்னு அவசரத்துல கடைசி வரியையும் சேத்துத் தட்டிட்டான்: ‘இரு, பால் பொங்குது.’

மறுநாள் போய்ப் பாத்தா சங்கமே தலைகீழா நிக்குது, எண்பது பதில். ‘கை நடுங்குது தல.’ ‘ஆபீஸ்ல திரும்பிப் பாக்கவே பயமா இருக்கு.’ பாலைப் பத்தி மட்டும் தனியா ஒரு சண்டை. அந்தப் பால் பொங்கறது ஒரு குறியீடுன்னு கோயமுத்தூர்க்காரன் ஒருத்தன் மூணு பத்தி எழுதியிருந்தான். மயானக் காவலே வந்து, ‘ரத்த மயில், முடிவைப் போடு. நாற்காலி காலியாத்தான் இருக்கு’ன்னு சொல்லிட்டுப் போயிருந்தாரு.

வானத்துல மெதந்துக்கினு வீட்டுக்கு வந்தான்.

“புவனா, அப்புறம் இன்னா ஆச்சு?”

“எதுக்கு?”

“அதான், அந்தத் தறி. அந்தப் பக்கம் யாரு?”

புவனா நிமிர்ந்து பாத்தா. தன் பேச்சை ஒருநாளும் காதுல வாங்காத புருஷன் திடீர்னு ‘அப்புறம்’னு கேட்டா, எந்தப் பொண்டாட்டியும் உஷாராயிடுவா.

“மறந்து போச்சு மாமா”ன்னா.

“அதெப்படி மறக்கும்?”

“நெய்யும்போது வரும். உக்காந்தா ஞாபகம் வரலாம். நீதான் பத்து நிமிஷம் உக்காந்தா முதுகு வலின்னு சைக்கிளை எடுத்துடறியே. முதலாளி முனிசாமி நேத்தும் வந்து பாத்துட்டுப் போனாரு. ஆடி முடியறதுக்குள்ள இந்தப் பொடவையை நெய்ஞ்சு அறுக்கலன்னா தறியில ஏத்தின பாவு நூலையே கழட்டி வேற வீட்டுக்குக் குடுத்துடுவேன்றாரு.”

பாவு, பொடவை, முனிசாமி. இவன் கேட்டது பேய், அவ காட்டறது முதலாளி. ரெண்டும் ஒண்ணுதான்னாலும் இப்போதைக்கு வேணாம்னு மயில்வாகனம் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சான். பக்கத்து வீட்டு அம்சா. பொம்பளைங்க கிட்ட பொம்பளைங்க சொல்லிடுவாங்க.

“அம்சா, எனக்கு ஒரு ஒத்தாசை. புவனா ஒரு கதை சொல்லிக்கினு இருந்தா. முடிவை மட்டும் கேட்டுக்கினு வரணும். நான் கேட்டேன்னு தெரியக்கூடாது.”

“எனக்கு இன்னாண்ணா தருவ?”

“பொடவை அறுத்ததும் மிச்ச இழையில ஒரு பிளவுஸ் பிட்டு.”

“ஜரிகை வச்சா?”

“வச்சுதான்.”

சாயங்காலமே அம்சா சுவத்து மேல தலையை நீட்டினா. “கேட்டுட்டேண்ணா. அவன் முழிச்சிக்கினானாம். எல்லாமே கனவாம்.”

மயில்வாகனம் சந்தேகப்பட்டிருக்கணும். பிரவுசிங் சென்டர் முனிரத்தினத்தோட பொண்டாட்டிதான் இந்த அம்சான்றதையாவது ஒரு நிமிஷம் நெனைச்சுப் பாத்திருக்கணும். நெனைக்கல. ஓடினான், தட்டினான், ‘எல்லாம் கனவு’ன்னு போட்டான்.

பேய்ப்படக்காரங்ககிட்ட எதை வேணா போடலாம், கனவுன்னு மட்டும் முடிக்கக் கூடாது. ‘துரோகி’ன்னான் ஒருத்தன். ‘என் மூணு பத்தியைத் திருப்பிக் குடு’ன்னான் கோயமுத்தூர்க்காரன். மயானக் காவல் சுருக்கமா முடிச்சாரு: ‘மாசக் கடைசிக்குள்ள ஒழுங்கான முடிவு வரணும். இல்ல, ரத்த மயில் சங்கத்துல இருக்க மாட்டான்.’

நாற்காலி போனாப் பரவால்ல, உள்ள நிக்கற எடமே போவப்போவுது. வாழ்க்கையில அவனைத் தேடி எண்பது பேர் வந்தது அந்த ஒரு எடத்துலதான். மயில்வாகனம் தொங்கின மூஞ்சோட வந்து தறிகிட்ட நின்னான்.

“புவனா, ஒண்ணு சொல்லணும்.”

“கம்ப்யூட்டர்ல என் கதையைப் போட்ட. ஊரே படிச்சுது. அதானே?”

“உனக்கு எப்படி…”

“அம்சா தெனமும் வந்து படிச்சதைச் சொல்லுவா. அந்தப் பாலைப் பத்தி ஒருத்தன் எழுதியிருக்கான் பாரு, நல்ல பையன். எம் பேரைப் போட்டியா?”

“இல்ல.”

“சரி, உக்காரு. ஒரு முழம் நெய்ஞ்சா ஒரு துண்டு கதை. நீ நிறுத்தினா நானும் நிறுத்துவேன்.”

அன்னிக்கு உக்காந்தவன்தான். முதுகுன்னு ஒண்ணு இருக்குதுன்றதே மறந்து போச்சு. அவ குரல் நூல் மாதிரி மெல்லிசா வரும், இவன் கை பின்னாடியே போவும். கதையில இருக்கறவன் தலையைத் திருப்ப பயந்துக்கினு நெய்யறான். இவனும் திருப்பாம நெய்யறான். கடைக்கண்ணுல ஒரு கை மட்டும் தெரியும், கண்ணாடி வளையலோட. நாடா போவும், வரும். வெயில் ஜரிகையில ஊறி, மஞ்சத் தண்ணியாட்டம் கண்ணுக்குள்ள எறங்கும். நெய்யறது இவனா கதையில இருக்கறவனான்னு சில நேரம் இவனுக்கே புரியாது. பச்சைக் கரை பாட்டுக்கு வளர்ந்துக்கினே இருந்துச்சு.

ஒருநாள் அப்படித்தான். உச்சி வெயில். தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. நாடா போச்சு, வந்துச்சு. அப்போ கொல்லையிலேர்ந்து புவனா குரல்.

“மாமா, சோறு ஆறுது, வா.”

நாடா அந்தப் பக்கத்துலேர்ந்து மறுபடியும் வந்துச்சு. சரியா, அளவா. அவன் கத்தின கத்துல முட்டி குழியில இடிச்சு, டிசைனுக்காக மேல தொங்கின ஜக்கார்டு அட்டையெல்லாம் ஆடுச்சு.

“இன்னாண்ணா,” ஓரத்துல உக்காந்திருந்த அம்சா கேட்டா, “என்னைப் பாத்தா பேய் மாதிரியா இருக்குது? அவ சோறு வடிக்கப் போனா, கொஞ்சம் தள்ளுடின்னா, தள்ளினேன்.”

“சொல்லிட்டு உக்காரக் கூடாதா?”

“நீ திரும்பியே பாக்கலியே. அது கெடக்கட்டும், பிளவுஸ் பிட்டு ஞாபகம் இருக்குதா?”

கொல்லையில புவனா வயித்தைப் புடிச்சிக்கினு சிரிக்கறது கேட்டுச்சு.

ஆடி முடியறதுக்கு முன்னாடியே பொடவை அறுத்தாச்சு. முனிசாமி தடவிப் பாத்துட்டு, கரை சேர்ற எடத்துல ஒரு இழை கூட வெலகலியேன்னு ஆச்சரியப்பட்டாரு. அவரு தெருமுனை திரும்பினதும் புவனா கடைசித் துண்டைச் சொன்னா.

“அவன் பயத்தை முழுங்கிக்கினு மெல்லத் திரும்பறான். பாத்தா, ஓரத்துல அவன் பொண்டாட்டிதான் உக்காந்திருக்கா. ‘இன்னா அப்படிப் பாக்கற?’ன்னு கேக்கறா. அவனுக்கு உசுரு வருது. அப்போ கெணத்தடியிலேர்ந்து மறுபடியும் அதே குரல். ‘ஏங்க, நான் இங்கல்ல இருக்கறேன். யாருகிட்ட பேசறீங்க?’”

மயில்வாகனம் துள்ளி எழுந்தான். சைக்கிள் செயின் கழண்டதை மாட்டக் கூட நிக்காம தள்ளிக்கினே ஓடினான். தட்டினான். போன தடவை போட்ட கனவை எவனோ தன் ஐடியைத் திருடிப் போட்டதுன்னு ஒரு பொய்யையும் சேத்துத் தட்டினான்.

அன்னிக்கு சங்கத்துல நடந்தது திருவிழா. பதில் மேல பதில். ‘உக்காந்திருக்கறவதான் பேய்.’ ‘போடா, கெணத்தடிதான் பேய்.’ ‘என் பொண்டாட்டியைக் கூப்பிட்டேன், பக்கத்து ரூம்லேர்ந்து பதில் வந்துச்சு, அப்போ என் பக்கத்துல படுத்திருக்கறது யாரு?’ கோயமுத்தூர்க்காரன் ஆறு பத்தி. மயானக் காவல் வந்தாரு. ‘மாடரேட்டர் ரத்த மயிலுக்கு வணக்கம். உன் முதல் வேலை, நெசப் பொண்டாட்டி யாருன்னு ஜனங்களுக்குச் சொல்றது. வெள்ளிக்கெழமை காத்திருக்கோம்.’

மாடரேட்டர் மயில்வாகனம் காத்துல நடந்து வீட்டுக்கு வந்தான். தெருவுல எதிர்ல வந்த மாடு கூட ஒதுங்கி வழி விட்ட மாதிரி இருந்துச்சு. உள்ள புவனா தறிகிட்ட, ஓரத்துல, அவ எடத்துல உக்காந்திருந்தா.

“புவனா, ரெண்டு பேருல எவ நெசப் பொண்டாட்டி? சீக்கிரம் சொல்லு. மாடரேட்டரே தெரியாம முழிச்சா மானம் போயிடும்.”

புவனா கரை நாடாவைக் கையில எடுத்து, தறிக்குழியைக் கண்ணால காட்டினா.

“ஒரு பாவுக்கு மூணு பொடவை மாமா. ஒண்ணுதான் அறுத்திருக்குது.”