புதுமனை புகுந்த இருதயங்கள்

ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருக்காது. யாழ்ப்பாணத்தில் பிறந்தாலும் ஈப்போவில் பிறந்தாலும் மதுரையில் பிறந்தாலும் தமிழர் வீட்டு ஃபிரிட்ஜில் இந்த ஒரு விதிக்கு மட்டும் விலக்குக் கிடையாது. உள்ளே ரசம் இருக்கும், அரைத்த மா இருக்கும், போன கிழமைக் கத்தரிக்காய்க் குழம்பு இருக்கும். எங்கள் வீட்டில் ஒருமுறை ஆட்டு இருதயம் இருந்தது. அதைப் பற்றி இங்கே நியூசிலாந்தில், ஒக்லாந்து நகரில் ஆளுக்கொரு விதமாகக் கதைக்கிறார்கள். என் தரப்பை நானே எழுதிவிடுவதுதான் நல்லது. (வேறு யாரும் எழுதப்போவதாகத் தெரியவில்லை.)

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில் நான் ஓர் இணையவழி அரசுப் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பித்தேன். கட்டடமில்லாத பள்ளி. பக்கத்தில் பள்ளியே இல்லாத பண்ணைகளில் இருக்கும் பிள்ளைகள், நோயில் படுத்த பிள்ளைகள், ஊர் ஊராக வேலை தேடிப் போகும் பெற்றோரின் பிள்ளைகள், இவர்களெல்லாம் கணினிக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். நான் நியூ லின்னில் எங்கள் வாடகை வீட்டுக் குசினி மேசையில் உட்காருவேன். மேலே இஸ்திரி போட்ட கோட். கீழே வீட்டில் உடுத்தும் பூப்போட்ட சோட்டி. கமரா இடுப்புக்குக் கீழே இறங்காது என்ற நம்பிக்கையில்தான் என் தொழில் வாழ்க்கையே ஓடிக்கொண்டிருந்தது.

பாடம் சொல்லிக்கொடுப்பதோடு வேலை முடியாது. சில பிள்ளைகளுக்கு நாங்கள் வழிகாட்டி ஆசிரியர்களும்கூட. கிழமைக்கு ஒருதரம் தனியாகக் கூப்பிட்டு, படிக்கிறாயா, சாப்பிடுகிறாயா, ஏன் ஒப்படை அனுப்பவில்லை என்று விசாரிக்க வேண்டும். என்னிடம் தந்த பிள்ளைகளில் ஒருத்தி ரூபி. தெற்குத் தீவின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூர். பதின்மூன்று வயது. பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை. அறுவைச் சிகிச்சை, பிறகு இன்னொன்று, நடுவில் காய்ச்சல்கள் என்று பள்ளிக்கூடத்தைவிட ஆஸ்பத்திரியில் அதிகம் இருந்தவள். வகுப்பில் வாயைத் திறக்கமாட்டாள். பெயர் மட்டும் திரையில் தெரியும்.

இருதயம் பற்றிய பாடத்துக்கு முந்தின கிழமை அவளைக் கூப்பிட்டேன். பள்ளி தந்திருந்த வீடியோவைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தாளாம். பிடிக்கவில்லையாம். ஏன் என்று கேட்டபோது சொன்னாள்.

"அதில் இருப்பது நல்ல இருதயம், மிஸ். என்னுடையது எங்கே பழுதாக இருந்தது என்று எனக்கு யாரும் காட்டவில்லை. அம்மாவிடம் கேட்டால் அழுவார். டொக்டரிடம் கேட்டால் படம் கீறுவார்."

அன்றே முடிவெடுத்துவிட்டேன். உண்மையான ஆட்டு இருதயத்தை நேரடி வகுப்பில் வெட்டிக் காட்டுவது.

என் துறைத் தலைவர் பெயர் ஹெதர். கோபமே வராத பெண்மணி. மிகவும் பிடிக்காத ஒன்றைக் கண்டால் "இன்ட்ரஸ்டிங்" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து வேலையை விட்டவர்கள் உண்டு என்று கேள்வி. (ஒருவர் பயந்து ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டாராம்.) என் திட்டத்தைக் கேட்டதும் இன்ட்ரஸ்டிங் என்றார். நல்ல வீடியோ இருக்கிறது, அதைப் போட்டால் போதாதா என்றார். வீடியோவிடம் பிள்ளைகள் கேள்வி கேட்க முடியாது என்றேன். வீட்டில் கத்தி, இரத்தம், பெற்றோர் முறைப்பாடு என்று அடுக்கினார். ஆட்டிறைச்சி தின்னாத வீடு இந்த நாட்டில் எங்களுடையதுதான், மற்றவர்கள் பயப்படமாட்டார்கள் என்றேன். கடைசியில் ஓர் உடன்பாடு. அவரும் வகுப்பில் வந்து பார்ப்பார். ஒழுங்காக நடந்தால் சரி. குழப்பம் வந்தால் அடுத்த தவணையிலிருந்து என் செய்முறைகள் எல்லாமே வீடியோதான்.

வகுப்பு விழுந்தது வெள்ளிக்கிழமை. என் கணவர் சிவநேசன் ஊரில் வங்கியில் இருந்தவர். இங்கே பென்ரோசில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. முகம் வழிக்கும்போது கீறுப்பட்டால்கூடக் கதிரையைத் தேடி உட்காருகிற ஆள். இறைச்சிக் கடையிலிருந்து நான் நாலு இருதயத்தோடு வந்ததும், "வெள்ளிக்கிழமையிலயோ?" என்று மட்டும் கேட்டார். பள்ளி நேரசூசி போட்டவர் பஞ்சாங்கம் பார்க்கவில்லை என்றேன். அவர் விபூதி பூசிக்கொண்டார்.

அதே வெள்ளி காலையில்தான் பார்வதி அக்காவின் வீடு குடிபூரல். பார்வதி அக்கா மலேசியாக்காரர். நாங்கள் வந்து இறங்கிய நாளில் எங்களுக்கு வாடகை வீடு தேடித் தந்து, பானை சட்டி தந்து, பஸ் ஏறப் பழக்கியவர். வருசக்கணக்காக வாடகையில் இருந்து, பக்குரங்காவில் ஒரு வீட்டுக்கு மோர்ட்கேஜ் எடுத்து, ஐயர் குறித்துக் கொடுத்த நேரத்தில் பால் காய்ச்சப்போகிறார். படைக்கிற கேசரி என் பொறுப்பு. எனக்கு வகுப்பு இருந்ததால் என் கணவர் கொண்டுபோவதாக ஏற்பாடு.

விடியவே எழும்பிக் கேசரி கிண்டிப் பெட்டியில் போட்டேன். இருதயங்கள் கொஞ்சம் குளிர் விடட்டும் என்று ஃபிரிட்ஜிலிருந்து அந்தப் பெட்டியையும் எடுத்து வெளியே வைத்தேன். இரண்டும் வெள்ளை ஐஸ்கிரீம் பெட்டி. நான் அறைக்குள் கோட் மாட்டிக்கொண்டே, "இடப்பக்கம் இருக்கிறது கேசரி, அதைக் கொண்டுபோங்கோ" என்று சத்தம் வைத்தேன். அடுப்பைப் பார்த்து நின்றால் கேசரி இடப்பக்கம். அவர் வந்ததோ பின்கதவால். அவருக்கு இடப்பக்கம் இருந்தது வேறு.

(இருதயப் படத்தில் இடது என்பது பார்ப்பவரின் இடது அல்ல, இருதயத்துக்கு உரியவரின் இடது என்று வருசா வருசம் பிள்ளைகளுக்குத் தொண்டை கிழியச் சொல்கிறவள் நான். அதைக் கணவருக்கும் சொல்லியிருக்கலாம்தான்.)

பத்து மணிக்கு வகுப்பு. திரையின் மூலையில் ஹெதரின் அமைதியான முகம். கையுறை போட்டேன். கத்தியைக் கமராவுக்குக் காட்டினேன். இன்றைக்கு நீங்கள் வாழ்க்கையில் மறக்கமாட்டாத ஒன்றைப் பார்க்கப்போகிறீர்கள் என்று நாடகக்காரி மாதிரி அறிவித்துவிட்டு மூடியைத் திறந்தேன். குப்பென்று ஏலக்காய் மணம். முந்திரிப்பருப்போடு கேசரி மினுங்கியது.

பிள்ளைகள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள். பிறகு வடக்கில் ஒரு பண்ணையிலிருந்து ஒரு மாணவன், "மிஸ், அந்த மஞ்சள் எல்லாம் கொழுப்பா?" என்று மரியாதையாகக் கேட்டான். (அவன் கேட்டதில் பிழையில்லை. நான் விட்ட நெய் அப்படி.)

"இன்ட்ரஸ்டிங்" என்றார் ஹெதர்.

அந்த நேரம் பார்த்து மேசையிலிருந்த போன் அதிர்ந்தது. வீடியோ கோல். எடுத்தால் வியர்த்துப்போன என் கணவர். பின்னால் மாவிலைத் தோரணம்.

"இஞ்சேரும், என்னத்தை நீர் தந்துவிட்டனீர்? ஐயர் விளக்குக்கு முன்னால வைச்சு மூடியைத் திறந்திட்டார்."

ஐயர் இப்போது முற்றத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாராம். பார்வதி அக்கா விளக்கைத் தூக்கி வேறு அறைக்குக் கொண்டுபோகிறாராம். பெட்டியை எடுத்துக்கொண்டு உடனே வெளியே போகச் சொல்லிவிட்டார்களாம்.

புத்தியுள்ள எவளும் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டு, வகுப்பை மூடி, வீடியோவைப் போட்டிருப்பாள். ஹெதரும் திரையின் ஓரத்தில் அதைத்தான் எழுதியிருந்தார்: வீடியோவுக்குப் போவோமா? அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது. ரூபி. வகுப்பில் அவள் முதன்முதல் எழுதிய வரி. "அப்ப இன்றைக்கு இல்லையா மிஸ்?"

எனக்கு எங்கிருந்தோ ஓர் ஆவேசம் வந்தது. பயமெல்லாம் போய்விட்டது. ஹெதரைப் பார்த்து, "இல்லை, வீடியோ வேண்டாம். வெட்டுகிறோம்" என்றேன். பிறகு போனைப் பார்த்து, பெட்டியோடு காரடிக்குப் போங்கோ என்றேன்.

"ஏன்?"

"வெட்டுறதுக்கு."

"ஆரு?"

"நீங்கள்தான்."

அவருடைய முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. ஆனால் மனுசன் போனார். முறைக்க நேரமில்லை என்பது என் குரலிலேயே விளங்கியிருக்க வேண்டும். காருக்குள், களஞ்சிய வேலையில் அவர் பெட்டி வெட்டும் கத்தியும் தடித்த கையுறையும் இருந்தன. கீழே விரிக்க ஒன்றும் இல்லாததால் படியில் அடுக்கியிருந்த வாழையிலையில் ஒன்றை உருவினார். தூரத்தில் பார்வதி அக்காவின் குரல் கேட்டது: "சிவா, அது பந்திக்கு வெச்ச இலைங்க."

காரின் முன்மூடியில் தலைவாழை இலை. இலையில் இருதயம். விருந்துக்கு வந்தவர்கள் வாசலில் பட்டுச் சேலைகளோடு வரிசையாக நின்று பார்க்கிறார்கள். ஓர் அண்ணைதான் போனைப் பிடித்துக்கொண்டார். இங்கே நான் என் போனைக் கணினிக் கமராவுக்கு நேரே பிடித்தேன். ஆடிய படம் தெளிய வேண்டும் என்று எழும்பி நின்றேன். பூப்போட்ட சோட்டியை அன்றுதான் நியூசிலாந்து கல்வித்துறை முதன்முதலில் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டேன்.

"இதில எது இடது?" என்றார் இவர், கத்தியைப் பிடித்தபடி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு.

"நசிச்சுப் பாருங்கோ. தடிப்பான பக்கம்தான் இடது. உங்கட இடது இல்லை, ஆட்டின்ர இடது."

முதல் இருதயம் கத்தரிக்காய் மாதிரித் துண்டு துண்டாகப் போனது. இரண்டாவது வழுக்கி இலையிலிருந்து உருண்டு கார்ச் சில்லுக்கடியில் போய்விட்டது. மூன்றாவதை ஒழுங்காகப் பிளந்தார். நான் தமிழில் அவருக்கும் ஆங்கிலத்தில் பிள்ளைகளுக்கும் மாறி மாறிச் சொன்னேன். கீழறைகள் இரண்டும் தெரிந்தன, கதவு மாதிரி வால்வுகள் தெரிந்தன, அவற்றை இழுத்துப் பிடிக்கும் நூல் மாதிரியான நாண்கள் தெரிந்தன. பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கேட்டார்கள். அந்த நூல் அறுந்தால் என்ன ஆகும்? ஏன் ஒரு பக்கம் மட்டும் தடிப்பு? அந்த மாமா ஏன் அழுகிறார்?

பிறகு மெல்லிய குரல் ஒன்று. எனக்கு அந்தக் குரல் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

"என்னுடையது எங்கே இருந்தது, மிஸ்?"

ரூபியின் பள்ளிக் கோப்பில் இருந்த மருத்துவ விவரத்தை வைத்து நான் இவரிடம் சொன்னேன்: இரண்டு கீழறைக்கும் நடுவில் இருக்கிற சுவரில், மேல் பக்கமாக, விரலை வையுங்கோ. கையுறை போட்ட விரல் மெதுவாகப் போய் அந்த இடத்தைத் தொட்டு நின்றது.

"அவ்வளவு தடிப்பான சுவரா?" என்றாள் ரூபி. "அதில் ஓட்டை இருந்தும் என்னுடையது அடித்துக்கொண்டே இருந்ததா?"

"ஓம்" என்றேன். ஆங்கிலம் வாயில் வரவில்லை.

"அப்ப அது நல்ல பலமான இருதயம்தான்" என்றாள் அவள்.

அந்த விரல் படத்திலிருந்து விலகியது. பிறகு இவரும் விலகினார். போன் பிடித்த அண்ணை பதறியதில் ஒரு கணம் திரையில் பக்குரங்காவின் வானம் மட்டும் தெரிந்தது. இவர் மயங்கி விழுந்திருந்தார். ஐயர் ஓடிவந்து மஞ்சள் தண்ணீர் தெளித்தது எல்லாருக்கும் தெரிந்தது. அது இவருக்குத் தெளித்ததா, காருக்குத் தெளித்ததா என்பதில் மட்டும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

அடுத்த கிழமை பள்ளியின் தலைமை அலுவலகத்தில் விசாரணைக் கூட்டம். ஹெதரும் இன்னும் இருவரும். நடந்ததற்கு வருத்தம் தெரிவிப்பீர்களா என்று கேட்டார்கள். பெட்டி மாறியது என் வீட்டு விசயம், அதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டிய இடத்தில் தெரிவித்துவிட்டேன், பாடத்துக்குத் தெரிவிக்கமாட்டேன் என்றேன். ஒரு பிள்ளை தன் உடம்பைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு இந்த மேசையிலிருந்து பதில் சொல்ல ஒருவராவது இருந்தீர்களா என்றும் கேட்டேன். (கேட்டுவிட்டுக் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.) ஹெதர் முன்னாலிருந்த கோப்பைத் திறந்தார். இந்த முறை இன்ட்ரஸ்டிங் என்று சொல்லவில்லை. ரூபியின் அம்மா தொலைபேசியில் அழைத்திருந்தார், முறைப்பாடு செய்ய அல்ல என்றார். நேரடி செய்முறைகள் தொடரலாம் என்று முடிவானது. ஆனால் பள்ளியின் பாதுகாப்பு விதிகளில் ஒரு வரி கூடியது: ஆசிரியர் அல்லாத எவரும் வாகனத்தின் மேல் வைத்து உடற்கூறுச் செய்முறை செய்யலாகாது. இந்த நாட்டின் கல்விக்கு என் பங்களிப்பு அந்த வரிதான். எனக்கு அதில் பெருமை உண்டு.

பார்வதி அக்காவிடம் போனது அதற்கெல்லாம் முதல், வகுப்பு நடந்த அன்று பின்னேரமே. புதிதாகக் கிண்டிய கேசரியோடு இரண்டு பேரும் வாசலில் நின்றோம். கேசரி மாறிப்போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். வாசலிலேயே மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். ஐயர் மறுபடி பூசை செய்து பால் காய்ச்சியாகிவிட்டதாம். கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "போன்ல பேசிச்சே, அந்தப் பிள்ளைக்கு இப்போ நல்லா இருக்கா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வீட்டில் கூட்டம் கூடினால் பார்வதி அக்கா கதையை எடுப்பார். எங்கள் மகளும் மற்றப் பிள்ளைகளும், தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் சிரிக்கும் கூட்டம், சுற்றி உட்காருவார்கள். வருசா வருசம் கதை வளர்கிறது. நாலு இருதயம் ஒரு கூடை ஆகிவிட்டது. போன வருசக் கதையில் ஐயர் மூடியைத் திறந்தபோது ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அறிவியல்படி அது முடியாது என்று நான் திருத்துவதில்லை. இவர் மயங்கியதை இவரே நடித்துக் காட்டுகிறார், அதையும் பொறுத்துக்கொள்கிறேன்.

ஓர் இடத்தில் மட்டும் விடமாட்டேன். கடைசியில் பார்வதி அக்கா, "அப்புறம் டீச்சரம்மா வந்து எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேட்டாங்க" என்று முடிப்பார். அந்த இடம் வரும்போது என் மகள் திரும்பி என்னைப் பார்ப்பாள். நானும் குசினியிலிருந்து சொல்வேன்:

"கேசரிக்கு மட்டும்தான் கேட்டனான்."