விமானத்துக்கு நான் வெட்டிய ரோல்

தெரியாத வேலையை மனிதன் நாலு பேரைக் கேட்டுச் செய்வான். நன்றாகத் தெரிந்த வேலையில்தான் குப்புற விழுவான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்குப் புத்தகம் ஏது? விழுந்து தெரிந்துகொண்டதுதான்.

எனக்குத் தெரிந்த வேலை காகிதம். நாமக்கல்லில் ஒரு தகரக் கொட்டகையில் ஒரே ஒரு வெட்டு மெஷினோடு ஆரம்பித்தவன் நான். ஆள் உயரக் காகித உருளைகளை வாங்கி, கேட்கிற அகலத்துக்கு வெட்டி, சின்னச் சின்ன ரோலாகச் சுற்றிக் கொடுப்பேன். லாரி ஆபீஸ் கணக்கு மெஷினா, தந்தி வருகிற டெலிபிரிண்டரா, சேலம் வட்டாரத்தில் எது ஓடினாலும் உள்ளே என் ரோல்தான் ஓடும். காகிதத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தே ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். (இப்போதும் சொல்வேன். சந்தேகம் இருந்தால் ஒரு தாள் எடுத்துக்கொண்டு வாருங்கள்.)

என் தம்பி செல்வராசு. அப்பா போனபிறகு அவனைப் படிக்க வைத்தது நான். எண்பதுகளின் கடைசியில் பம்பாயில், பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஓர் இடத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். வேலை தற்காலிகம்தான். அங்கே ஒரு பொய் விமானம் இருந்தது. மூக்கு மட்டும்தான். இறக்கை, வால் எதுவும் கிடையாது. இரும்புக் கால்களில் நின்றுகொண்டே ஆடும், சாயும். உள்ளே உட்கார்ந்தால் நிஜமாகப் பறக்கிற மாதிரியே இருக்கும். அதற்குள் பைலட்டுகள் இருவருக்கும் நடுவில் ஒரு குட்டி அச்சு மெஷின். தரையில் ஆபீஸில் உட்கார்ந்து ஒருவர் தட்டினால், ஆகாயத்தில் பறக்கிறவர்களுக்கு மழை, காற்று, எங்கே இறங்குவது எல்லாம் கடையில் பில் வருகிற மாதிரி துண்டுச் சீட்டாக வந்து விழுமாம்.

அந்த மெஷினுக்கு ரோல் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வர மாதக்கணக்கில் ஆகும். தம்பி நேரே மேனேஜரிடம் போய், பெரிய உருளையாக வரவழைத்தால் எங்கள் அண்ணன் வெட்டிக் கொடுத்துவிடுவார் என்று சொல்லிவிட்டான். உருளை நாமக்கல் வந்து சேர்ந்தது. ட்ரங்க் கால் போட்டான்.

"அண்ணா, இது மட்டும் நல்லா ஓடிருச்சுன்னா என்னைய நெரந்தரம் பண்ணிருவேன்னு மேனேஜர் சொல்லியிருக்காருங்க."

"ஓடும்டா. என் ரோலு ஓடாம யார் ரோலு ஓடும்?"

"அது நம்ம பேப்பராட்டம் இல்லீங்கண்ணா. அது வந்து, சூடு..."

"ஏஞ்சாமி, பேப்பரப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறயா? நீ டவுசர் போடறதுக்கு முன்னால இருந்து வெட்டறவன் நானு. போன வெய்யி. நானே கொண்டுக்கிட்டு வாரேன்."

வைத்துவிட்டான். என் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத பிள்ளை.

வெட்டு என்றால் அப்படி ஒரு வெட்டு. ஓரத்தில் விரலை ஓட்டினால் கண்ணாடி மாதிரி வழுக்கும். ஒவ்வொரு ரோலையும் பழுப்புத் தாளில் சுற்றிக் குங்குமம் வைத்தேன். அங்கே பம்பாயில் மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. காகிதத்துக்கு எதிரி ஈரம். ஈரம் ஏறினால் மெஷினில் சிக்கும். மழை நாளில் ரோல்களை அடுப்பு ஓரம் அடுக்கி, மொறுமொறுப்பாக்கித்தான் நான் கடைகளுக்கு அனுப்புவேன். அது என் தொழில் ரகசியம். ஆகவே பம்பாய்க்கு ஜவ்வரிசி ஏற்றிப் போகிற லாரியில் இடம் பிடித்து, ரோல் மூட்டையை டிரைவர் பக்கத்தில் இருக்கிற எஞ்சின் பானெட்டின் மேலே ஏற்றி வைத்தேன். டிரைவர் காளியப்பன் திரும்பிப் பார்த்தான்.

"ஏனுங்க மொதலாளி, பானெட்டு தோசக்கல்லாட்டம் காயுதுங்க. சரக்குக்கு ஒண்ணும் ஆயிராதுங்களா?"

"கரியற சூடு வேற, காயற சூடு வேற. உனக்கு லாரி, எனக்குப் பேப்பரு. ரோட்டப் பாரு."

பம்பாய் வரைக்கும் பிள்ளையை அணைத்த மாதிரி அந்த மூட்டையின் மேல் கை போட்டபடியே போனேன். என் கை வெந்தது. பெருமையாக இருந்தது.

தம்பி வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றான். மேனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். என்னைப் பொய் விமானத்தில் பைலட்டுகளுக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார வைத்தார். அது ஒரு சாய்வு சாய்ந்ததுமே, வழியில் தின்ற முட்டைப் பரோட்டா தொண்டைக்கு வந்துவிட்டது. (வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். ரசிக்கிறேன் என்று நினைத்தார்கள்.) தம்பி எனக்குப் பின்னால் ஒரு மேஜையில் உட்கார்ந்து தட்டினான். மெஷினில் பழைய ரோல் கொஞ்சம் மிச்சமிருந்தது. கிர்ரென்று ஒரு சீட்டு வந்தது. அதைக் கிழித்து என் கையில் கொடுத்துப் படித்தும் காட்டினான்.

"அண்ணா வாங்க. இங்க மழை. பத்திரமா எறங்கலாம்னு எழுதியிருக்கேனுங்க."

"இப்ப அண்ணாவோட ரோலைப் போடுப்பா," என்றார் மேனேஜர்.

தம்பி பழுப்புத் தாளைப் பிரித்தான். உள்ளே கரி. அடுத்ததைப் பிரித்தான். அதுவும் கரி. உள் சுற்றாவது வெள்ளையாக இருக்கும் என்று உருவினான், உருவினான், காலடியில் கருப்பாகக் குவிந்துகொண்டே போனது. அதையும் மெஷினில் மாட்டித் தட்டிப் பார்த்தான். கருப்பில் கருப்பு எழுத்து.

மேனேஜர் தூக்கிப் பார்த்தார். "ராத்திரி இறங்குற விமானத்துக்குன்னு தனியா பண்ணியிருக்கீங்களோ?"

அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"ஆமாங்க சார். அழுக்குத் தெரியாதுங்க. எங்க கம்பெனி ஸ்பெசலுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி மட்டும் குனிந்து தரையில் கிடந்த சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் டீ வந்தது. மேனேஜர் என் கையிலிருந்த சீட்டை வாங்கி, அதன் மேல் சூடான டீ கிளாஸை வைத்து எடுத்தார். கருப்பாக ஒரு வட்டம்.

"மை மெஷின்ல இல்லீங்க. பேப்பர்லயே இருக்கு. சூடு பட்டா எழும்பிடும். தம்பி சொல்லலையா?"

நான் தம்பியைப் பார்த்தேன். "மறந்துட்டனுங்க சார்," என்றான் அவன்.

அன்றைக்கு ரயிலேற்றிவிட வந்தான். வண்டி நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "வயிறு இப்பத் தேவலைங்களாண்ணா?"

நிரந்தரம் வரவில்லை. வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் வேலை தேடிக்கொண்டு போனான். பெண்டாட்டி பிள்ளை இங்கே, அவன் அங்கே. லீவில் வரும்போதெல்லாம் பிள்ளைகளை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்வான். என்னை மாதிரியே நெஞ்சை நிமிர்த்தி, மீசையைத் தடவி, "எங்க கம்பெனி ஸ்பெசலுங்க" என்பான். வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் தோசை தீய்ந்தாலும், வேட்டியை இஸ்திரி பொசுக்கினாலும், "கம்பெனி ஸ்பெசலு" என்றுதான் பெயர். ஒரு தடவைகூட, போனில் நான் அவன் வாயை அடைத்ததை அவன் கதையில் சேர்த்ததில்லை.

வளைகுடாவிலேயே ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். உடலை விமானத்தில்தான் கொண்டுவந்தார்கள். அதிலும் பைலட்டுகள் நடுவே அந்த மெஷின் இருந்திருக்கும். மழை, காற்று, எங்கே இறங்குவது எல்லாம் வந்து விழுந்துகொண்டிருந்திருக்கும்.

முதல் வருசத் திதி முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். வடை கருகியிருந்தது. எல்லாரும் கருகினதைப் பிய்த்து இலை ஓரம் ஒதுக்கினார்கள். தம்பி மகள் கவிதாதான் நெஞ்சை நிமிர்த்தி, இல்லாத மீசையைத் தடவினாள். "எங்க கம்பெனி ஸ்பெசலுங்க." அப்படியே அவனேதான். முதலில் சிரித்தது நான்.

அப்புறம் அவளிடம், பம்பாயிலிருந்து மடித்துக் கொண்டுவந்திருந்த அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினேன். அவன் தட்டிய எழுத்து வெளுத்துப் போய்விட்டது. டீ கிளாஸின் வட்டம் மட்டும் லேசாகத் தெரிந்தது. அடுப்பங்கரை அலமாரியில் வைத்திருந்தேன், ஈரம் படாமல் இருக்கட்டும் என்று.

"பெரிப்பா, இந்தப் பேப்பரு வந்து, சூடு..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்பனுக்கு இருந்த அதே பயம்.

"சொல்லு சாமி," என்றேன். "முழுசாச் சொல்லு."